இன்னும் வராத ஒருத்தி

மூன்று வயதுக் குழந்தை வலியைச் சொல்லாது. வலியைச் சுற்றிக்கொண்டு போகும். விழுந்தால், எறும்பு கடித்தால், கதவிடுக்கில் விரல் நசுங்கினால் அதற்கு அழத் தெரியும். மெல்ல மெல்ல வந்து மூட்டுக்குள் குடியேறும் வலியைப் பற்றி அதற்கு எதுவும் சொல்லத் தெரியாது. கால் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எடுத்துக்கொள்கிறது. மாடிப்படியில் இரண்டு கைகளையும் ஊன்றி ஏறத் தொடங்குகிறது. வாசற்படியிலிருந்து குதிப்பது நின்றுபோகிறது. மண்ணில் குத்துக்காலிட்டு விளையாடிய குழந்தை, தரையில் சப்பென்று உட்கார்ந்து ஒரு காலை நீட்டி வைத்துக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் “தூக்கு” என்கிறது. செல்லம் கூடிப்போச்சு என்று வீட்டில் சொல்கிறோம்.

பின்னாளில் எங்களுக்கு வாய்த்த மூட்டுநோய் மருத்துவர் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கவே இல்லை. “முன்னே செஞ்சுக்கிட்டிருந்ததுல எதையெல்லாம் இப்ப செய்யறதில்ல?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இருந்தது.

அவரிடம் போய்ச் சேர்வதற்குள் பல மாதங்கள் ஓடியிருந்தன. நம் ஊரில் குழந்தைக்கு முட்டி வீங்கினால் சந்தேகிக்க வேண்டியவை நிறைய. சிக்குன்குனியாவாக இருக்கலாம். மூட்டில் காசநோய் இருக்கலாம். தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் புற்றுநோய்கூடச் சில சமயம் கால்வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். இதுதான் என்று அடித்துச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்றவை எல்லாம் இல்லை என்றான பிறகுதான் இந்த நோயின் பெயர் வருகிறது. ரத்தத்தில் தொண்டைத் தொற்றின் தடயமான ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருப்பதை மட்டும் பார்த்து, ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வருடக்கணக்காகப் போடப்பட்ட குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. என் மகளுக்கு அது நேரவில்லை. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று ஒரு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது தொடை இளைத்திருந்தது. முட்டி நீட்ட வராமல் மடங்கியே நின்றது.

மருத்துவர்கள் இதை ஜே.ஐ.ஏ. என்கிறார்கள். பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டழற்சிகள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர். அதற்குள் ஏழு வகைகள். ஒன்றில் தினமும் காய்ச்சல் ஏறி இறங்கும், உடம்பில் சிவந்த தடிப்பு வந்து மறையும். வேறொன்று வளர்ந்த பையன்களின் குதிகாலையும் இடுப்பையும் பிடிக்கும். இவளுக்கு வந்தது முதல் ஆறு மாதங்களில் நான்கு மூட்டுகளுக்கு மேல் பரவாத வகை. ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் முழங்காலில் தொடங்குவது. நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வைத் தாக்க, சவ்வு தடித்து, நீர் கோத்து, முட்டி வீங்குகிறது. அந்தச் சூட்டில் ரத்த ஓட்டம் கூடி அருகிலுள்ள எலும்பு வேகமாக வளர்வதால், நோயுள்ள கால்தான் நீளமாகிவிடுகிறது. மற்றக் காலின் செருப்புக்கு அடியில் ஒரு தக்கை வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. தைத்துக் கொடுத்த பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஏன் வந்தது என்று முழுதாகத் தெரிந்தவர் உலகில் இல்லை. காரணம் தெரியாத நோய்க்குக் காரணம் சொல்ல ஊரே முன்வருகிறது. அந்தக் காரணங்கள் பெரும்பாலும் தாயிடம் வந்து முடிகின்றன. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது குளிர்ச்சியாகச் சாப்பிட்டது, பாலைச் சீக்கிரம் நிறுத்தியது, ஈரத்தரையில் விளையாட விட்டது. பரிவோடு சொன்னவர்களும் உண்டு, பரிவில்லாமல் சொன்னவர்களும் உண்டு. இரண்டுமே ஒரே இடத்தில்தான் தைத்தன. இந்த நோயுள்ள குழந்தையைப் பெற்ற எந்தத் தாயிடமும் நான் முதலில் சொல்ல விரும்புவது, இவற்றில் எதுவும் நோய்க்குக் காரணம் என்று மருத்துவத்தில் நிறுவப்படவில்லை என்பதைத்தான்.

“குழந்தைக்கு எப்படிங்க மூட்டுவாதம் வரும்? அது வயசானவங்களுக்கு இல்லியா?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டில், 22 குழந்தைகளைக் கவனித்து, இது பெரியவர்களின் மூட்டுவாதத்திலிருந்து வேறுபட்டது என்று எழுதியது 1897-ல். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நூற்றாண்டு தாண்டியும் அந்தச் செய்தி நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

நோயின் பெயரைச் சொன்ன அன்று மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். “இது இன்னிக்கி வலியைக் குறைக்கிற வைத்தியம் மட்டும் இல்லீங்க. இவளுக்கு இருபத்தஞ்சு வயசாகும்போது இந்த முட்டி எப்படி இருக்கணும்கறதுக்கான வைத்தியம்.” அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒருத்தி கூடுதலாக இருக்கிறாள். இருபத்தைந்து வயது. என்ன வேலை பார்க்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று தெரியாது. பேருந்தில் ஓடி ஏறுகிறாளா, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுகிறாளா என்பது நாங்கள் இன்றைக்குச் செய்வதைப் பொறுத்தது. அவள் பேச மாட்டாள், கேட்க மாட்டாள். அவளுக்காகப் பேச வேண்டியவர்கள் நாங்கள். எதிர்த்தரப்பில் நிற்பது நான்கு வயதுக் குழந்தை. இருவரும் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது.

இந்த மோதல் சனிக்கிழமை இரவில் கூர்மையாகும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை தர வேண்டிய மருந்து. மாத்திரையாகத் தந்தால் எங்கள் மகளுக்கு வயிற்றில் தங்கவில்லை என்பதால் தொடையில் தோலுக்கடியில் ஊசியாகப் போடச் சொன்னார்கள். செவிலியர் கற்றுக்கொடுத்தார்; நான்தான் போடுகிறேன். மறுநாள் குமட்டலோடு சோர்ந்து கிடந்தாலும் பள்ளி இல்லையே என்றுதான் சனிக்கிழமை. நடுவே ஓர் எச்சரிக்கை: வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் ஒருமுறை என்று மாற்றிப் புரிந்துகொண்டால் இந்த மருந்து உயிரையே குடித்துவிடும், அப்படிப் போன உயிர்கள் உண்டு. சீட்டில் கிழமையைத் தமிழில் தெளிவாக எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

“அம்மா, என் கால் இப்ப வலிக்கவே இல்லியே, அப்பறம் எதுக்கு ஊசி?”

இதற்கு என்ன பதில்? ஊசி போடுவதால்தான் வலிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வராத வலியை நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிக் காட்ட முடியும்? அதன் கணக்கில் கால் நன்றாக இருக்கிறது, ஊசி வலிக்கிறது, ஊசி போடுவது அம்மா. அந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றைய நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதே சரி. நான் நிற்பதும் அவள் பக்கம்தான், ஆனால் இன்னும் வராதவளின் பக்கம். இந்தச் சங்கடத்தை அன்பு என்று ஒரு வார்த்தையில் மூடிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். குழந்தையின் உடலில் அதன் சம்மதம் இல்லாமல் வலியை ஏற்படுத்துகிறோம். சரியான காரணத்துக்காகத்தான். ஆனாலும் அதைச் செய்கிறோம் என்ற நினைவு கையில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் கை முரட்டுத்தனமாகாது.

“தூங்கும்போது போட்டுடேன், தெரியாது” என்று பலர் சொன்னார்கள். அப்படிச் செய்யும் வீடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மனம் வரவில்லை. தூங்கினால் ஊசி வரும் என்று ஆகிவிட்டால் பிறகு அவள் எங்கே போய்ப் பத்திரமாக இருப்பாள்? வலிக்காது என்றும் சொல்வதில்லை. “வலிக்கும். பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்கிறேன். எந்தத் தொடை என்பதை அவள் சொல்வாள். எண்ணுவது அவளா அப்பாவா என்பதையும் அவளே முடிவு செய்வாள். ஊசி போடுவதா வேண்டாமா என்பது மட்டும் அவள் கையில் இல்லை. மறுக்க முடியாத ஒன்றைச் சுற்றி, தேர்ந்தெடுக்கக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களையாவது அவளிடம் விட்டு வைத்திருக்கிறோம்.

மருந்து மஞ்சள் நிறம். சில மாதங்களில் எலுமிச்சைச் சாதத்தைக் கண்டாலே அவளுக்குக் குமட்டத் தொடங்கியது. பஞ்சு, ஸ்பிரிட் வாசனை, சனிக்கிழமை என்ற சொல் எல்லாமே அப்படி ஆயின. இந்த மருந்து எடுக்கும் குழந்தைகள் பலருக்கும் இப்படி முன்கூட்டியே குமட்டுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி, நடிப்பு இல்லை. ஊசிக்குழலைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டினோம். எலுமிச்சைச் சாதம் வெகுநாள் வீட்டில் கிளறவில்லை.

அந்த மருந்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் பலம் வந்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி, அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அவருடைய சகோதரர்கள் ஸ்புரூ என்ற குடல்நோயில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, அந்த நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் சேர்மங்களையும் உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பலன் கண்டார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948-ல் காலமானார். புற்றுநோய்க்குத் தரும் அளவில் மிகச் சிறு பங்கு, வாரம் ஒருமுறை, குழந்தைகளின் மூட்டழற்சிக்கு உதவும் என்று அமெரிக்க, சோவியத் மருத்துவர்கள் சேர்ந்து 127 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1992-ல் வெளியானது. அது அச்சில் வந்தபோது சோவியத் யூனியன் இல்லை.

சனிக்கிழமை ஊசி, அதன் பக்க விளைவைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. இரண்டுமே அந்த மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. மருந்துக் கடையில் இரண்டும் மிக மலிவு. இவற்றுக்கு அடங்காத நோய்க்கு வந்திருக்கும் பயாலஜிக் ஊசிகள் அப்படியல்ல. 2014 இறுதியில் அவற்றில் ஒன்றான அடாலிமுமாபை இந்திய நிறுவனம் ஒன்றே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகும், ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத உயரம்தான். காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, தவணையைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

முட்டியைவிட எனக்குப் பயம் கண்ணில். இந்த வகை நோயில், அதிலும் ரத்தத்தில் ஏ.என்.ஏ. என்ற எதிர்ப்பொருள் இருக்கும் சிறு குழந்தைகளுக்கு, கண்ணுக்குள் அழற்சி வரலாம். கண் சிவக்காது. வலிக்காது. நீர் வடியாது. குழந்தை வழக்கம்போலப் படம் வரைந்துகொண்டிருக்கும். உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் புரை, கண் அழுத்தம், பார்வையிழப்பு. தாய் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இதைப் பார்க்க முடியாது. கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் கருவியின் முன்னால் முகவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். தொடக்க ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படிப் பார்த்தே ஆக வேண்டும். வந்துவிட்டால் வைத்தியம் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு அடாலிமுமாப் சேர்த்துத் தந்து பிரிட்டனில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் 90 குழந்தைகளோடு சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வந்திருப்பது தெரிந்தால்தானே எந்த வைத்தியமும்? முட்டி சரியாகிவிட்டது என்று கண் பரிசோதனையை விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு கட்டத்தில் வேறொன்றாக மாறுகிறது. குழந்தை ஓடி வரும்போது முகத்துக்கு முன் முட்டியைப் பார்க்கிறேன். மடியில் ஏறி உட்காரும்போது தடவுவதாக நினைத்துச் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஒருநாள் கையைத் தள்ளிவிட்டு, “சும்மா கட்டிக்கோம்மா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மட்டும் மூட்டுகளைப் பார்ப்பது, மற்ற நாளில் அவளாகச் சொன்னால் ஒழியத் தொடுவதில்லை என்று இவரும் நானும் பேசி முடிவுசெய்தோம். கடைப்பிடிக்க ஊசி போடுவதைவிடக் கஷ்டமான ஏற்பாடு அது. இருபத்தைந்து வயதுக்காரியின் முட்டியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, அவளுக்கு நினைத்துக்கொள்ள ஒரு குழந்தைப் பருவமே இல்லாமல் செய்துவிடக் கூடாது.

பள்ளியில் வேறு சிக்கல். இந்த நோய் விடிகாலையில் இறுகி, வெயில் ஏற ஏற இளகுவது. மார்கழியில் இன்னும் மோசம். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகுதான் கால் தரையில் பதியும். ஒன்பது மணிப் பிரார்த்தனையில் நிற்க முடியாதவள் மூன்று மணிக்கு ஓடிப்பிடித்து விளையாடுவாள். இரண்டையும் பார்த்த ஆசிரியைக்கு முதலாவது நடிப்பாகத் தெரிகிறது. நேரத்துக்கு நேரம் மாறும் ஊனத்தை நம் மனம் நம்புவதில்லை, சட்டமும் தடுமாறுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பல சலுகைகளுக்கு நாற்பது விழுக்காடு ஊனம் வேண்டும். காலை ஏழு மணிக்கு அளப்பதா, மாலை நான்கு மணிக்கா? நாங்கள் கேட்டது சலுகைகூட இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்காரும் வகுப்பில் ஒரு முக்காலி. குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதில் ஆசிரியர்களின் கழிப்பறை. எழுதிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டு வலித்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள அனுமதி. கழிப்பறைக்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

மாமியார் வாரம் தவறாமல் முடக்கறுத்தான் தோசை வார்த்துத் தருவார். கீரையாகச் சாப்பிடுவதில் மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தோசையில் இருக்கும் பிரியத்தை நான் குறைத்து மதிக்கவும் மாட்டேன். பேர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகங்களில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. நாலே நாளில் குணமாவது அதனால்தான்.

பழைய நாளில் இந்தக் குழந்தைகளைப் படுக்கையில் கிடத்தி, காலுக்குச் சிம்பு வைத்து, ஓய்வே மருந்து என்றார்கள். இப்போது மருத்துவம் நேர்மாறாகச் சொல்கிறது: ஓடட்டும், சைக்கிள் மிதிக்கட்டும், நீந்தட்டும், தசை வலுத்தால் மூட்டுக்குப் பலம். நான்கு வயதுக்காரியும் இருபத்தைந்து வயதுக்காரியும் ஒரே பக்கம் நிற்கும் இடம் இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். மேட்டூர் திறந்து எங்கள் ஊருக்குக் காவிரி வந்ததும் படித்துறையில் இவளை இறக்கிவிட்டு இவர் பக்கத்தில் நிற்பார். பரதம் கற்க ஆசைப்பட்டாள். அரைமண்டிக்கு முட்டி தாங்குமா என்று பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டோம். வலிக்கும் அளவுக்கு இறங்க வேண்டாம், இறங்குகிற வரை இறங்கட்டும் என்றார். நாட்டிய ஆசிரியை ஒரு வார்த்தை பேசாமல் சேர்த்துக்கொண்டார். கடைசி வரிசையில், மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாக ஆடுகிறாள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு வருடத்துக்கு மேலாக எந்த மூட்டிலும் வீக்கம் இல்லை, கண்ணும் சுத்தம். மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, 364 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு நோய் அடங்கியபின் ஆறு மாதமும் மறுபாதியினருக்குப் பன்னிரண்டு மாதமும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்துவிட்டு நிறுத்திப் பார்த்தது. நோய் திரும்புவதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் திரும்பியது. நீட்டித்துக்கொண்டே போவதாலும் உத்தரவாதம் இல்லை, நிறுத்துவதாலும் இல்லை.

இந்தத் தடவை அவளை உட்காரவைத்துப் பேசினோம். நிறுத்தினால் என்ன ஆகலாம், நிறுத்தாவிட்டால் என்ன ஆகலாம் என்று அவளுக்குப் புரிகிற அளவில் சொன்னோம். முடிவு மருத்துவருடையதும் எங்களுடையதும்தான். ஆனாலும் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிவைக்கும் நோட்டில் முதல் பக்கத்தை அவளுக்கு விட்டிருக்கிறோம். இரண்டு கோடு நோட்டு எழுத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறாள். ஊசி நிறுத்தினால் மாத்திரையும் நிற்குமா? திரும்பி வந்தால் அதே முட்டியிலா, வேறு முட்டியிலா? கண் டாக்டரிடமும் போக வேண்டாமா?

மூன்றாவதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். ஊசியை நிறுத்தினால் கண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், போய்த்தான் ஆக வேண்டும் என்றேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொல்வதை நம்ப முடியாது, டாக்டரிடம் தானே கேட்டுக்கொள்வதாகச் சொல்லி, அந்தக் கேள்வியின் கீழ் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.